நடக்கிறவனுக்கு ஒன்று

காஞ்சிபுரத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டுச் சேலை விற்கிற குடும்பம் பன்னீர்செல்வத்துடையது. அவருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் வேட்டைப் பைத்தியம் பிடித்தது. உத்திரமேரூரைத் தாண்டிப் பதினாலு ஏக்கர் வாங்கி, வேலி போட்டு, வேர்க்கடலை விதைத்து, நடுவில் ஒரு வெள்ளை வீட்டையும் கட்டினார். கடலை காய் பிடிக்கிற நேரத்தில் பக்கத்துக் காட்டிலிருந்து பன்றி இறங்கியது. விரட்ட ஓர் ஆள் போட்டார். அந்த ஆள்தான் ஷீபாவின் அப்பா பீட்டர். விரட்டுவதைவிடச் சுடுவதில் ருசி அதிகம் என்று பன்னீர்செல்வம் பிறகு கண்டுபிடித்தார். பன்றியைச் சுட வேண்டுமானால் வனத்துறைக்கு எழுதிப் போட வேண்டும், அவர்கள் வந்து சுட வேண்டும். பன்னீர்செல்வம் யாருக்கும் எதையும் எழுதிப் போடவில்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. முன்னால் நடந்து வழி காட்டப் பீட்டர் இருந்தார். போதாதா?

போதவில்லை. இப்போது அவருக்கு இருட்டில் பார்க்கிற கருவி ஒன்று வேண்டியிருந்தது.

"பீட்டரு, உம் பொண்ணு ஃபிசிக்ஸ்தானே? கேமரா கம்பெனியிலகூட இருந்திச்சே. நாளைக்கு இட்டுக்கினு வா. இந்த நைட் விஷன் சமாச்சாரம் இன்னான்னு பாத்துச் சொல்லட்டும். யூடியூப்ல பாத்தா தலை சுத்துது" என்றார்.

பீட்டர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்து ஷீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள். மூன்று வருஷம் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய் வந்து பட்டம் வாங்கினாள். ஒரகடத்தில், காருக்குக் கேமரா பொருத்துகிற கம்பெனியில் ஒன்றரை வருஷம் படம் சரியாக விழுகிறதா என்று கண் எரியப் பார்த்துக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். நாலு மாதமாக வேலை தேடுகிறாள். படித்த படிப்புக்கு ஊரில் கிடைத்த முதல் மரியாதை, பன்றி சுடப் போகிறவருக்குக் கண்ணாடி பொறுக்கிக் கொடுக்கிற வேலை.

"வர முடியாதுன்னு சொல்லு நைனா."

"அப்டிலாம் சொல்லக் கூடாதும்மா. மதிச்சிக் கூப்புடறாரு."

"மதிச்சா எனக்கு போன் பண்ணலாம் இல்ல. நம்பர் கீதே அவருகிட்ட."

பீட்டர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். கொடி எங்கே என்று கையால் ஒரு தடவை துழாவிவிட்டுப் போட்டார். அதைப் பார்த்ததும் ஷீபா போவதென்று முடிவு செய்துவிட்டாள்.

பீட்டருக்கு ஊரில் பூனைக்கண்ணு பீட்டர் என்று பெயர். சின்ன வயசிலிருந்து இருட்டில் டார்ச் இல்லாமல் நடப்பார், முயல் படுத்திருக்கிற புதரைத் தூரத்திலிருந்தே காட்டுவார். எந்தச் சாதிக்காரன் வேட்டைக்குப் போனாலும் காலனிக்கு வந்து "பீட்டரு இருக்காரா" என்று அவரைத்தான் கேட்டான். அந்த 'இருக்காரா' என்கிற மரியாதையைப் பகலில் அவருக்கு யாரும் கொடுத்ததில்லை.

அந்தப் பூனைக்கண் போய் மூன்று வருஷமாகிறது. தெரிந்தது ஷீபாவுக்கு மட்டும். அதுவும் தை மாதத்தில்தான் தெரிந்தது. காவல் இல்லாத ஒருநாள் ராத்திரி கரண்ட் போனபோது தண்ணீர் டம்ளரை நீட்டினாள். வாசல் வழியாக நிலா வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவர் கை டம்ளருக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றில் நின்றது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சாயங்காலம் ஆறு மணிக் காவலுக்கு அவர் நாலரைக்கே கிளம்புவது சுறுசுறுப்பினால் அல்ல. காலையில் வெயில் ஏறிய பிறகு வீடு திரும்புவது பொறுப்பினால் அல்ல. முதலாளியின் காருக்கு வழி தெரிய வேண்டுமென்று சொல்லிக் கடலைக் கொல்லை முழுக்கப் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தாரே, அது காருக்கு அல்ல.

கண் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். பகலில் நேராகப் பார்ப்பது இன்னும் சில வருஷம் தாங்கும், இருட்டில் ஒன்றும் தெரியாது, மருந்து கிடையாது. வெளியே வந்ததும் பீட்டர் சொன்ன ஒரே பேச்சு இதுதான்:

"அம்மாகிட்டகூட சொல்லாத. வேலை போனா போவுது. பேரு போயிடும்."

கொல்லைக்குள் அவர் சமாளித்தார். வேட்டை நடப்பது வேலிக்கு வெளியே. அங்கே காட்டுக்குள் கைவிட்ட கல்குவாரி, மூன்று பள்ளம். பெரியது அறுபதடி ஆழம், அடியில் தண்ணீர், சுற்றி ஒரு கம்பிகூடக் கிடையாது. போன வருஷம் ஒரு பசு விழுந்தது. தூக்க வழியில்லாமல் விட்டுவிட்டார்கள், இரண்டு நாள் கத்தியது. இதுவரை இரண்டு தடவை பீட்டர் பன்னீர்செல்வத்தையும் கூட வந்தவர்களையும் அந்தப் பக்கம் கூட்டிப் போயிருந்தார், டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டே. கருவி வந்துவிட்டால் டார்ச் கூடாது என்பார்கள். வெளிச்சம் பட்டால் பன்றி ஓடிவிடும். டார்ச் இல்லாமல் பீட்டர் முன்னால் நடந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க பிஎஸ்சி படிக்க வேண்டியதில்லை. கள்ள வேட்டைக்குப் போன இடத்தில் செத்த ஆளுக்கு யார் கேஸ் எழுதுவார்கள்? குடித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்தான் என்று முடித்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வழி தெரிந்தது அவளுக்கு. வாங்கப் போகிற பட்டியலில் அப்பாவுக்கும் ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். அவருக்கென்று சொல்லாமல் சேர்க்க வேண்டும்.

வெள்ளை வீட்டின் வராந்தாவில் பன்னீர்செல்வமும் அவர் மச்சான் குமரேசனும் இருந்தார்கள். குமரேசனுக்கு முப்பது வயது, அக்காள் புருஷன் செலவில் வேட்டை வீடியோ எடுத்துப் போடுகிறவன். எல்லோருக்கும் பேப்பர் கப்பில் டீ வந்தது. பேப்பர் கப் வந்ததிலிருந்து யாருக்குத் தனி டம்ளர் என்கிற சங்கடம் யாருக்கும் இல்லை.

"சொல்லும்மா. எது நல்லது?" என்றார் பன்னீர்செல்வம்.

"எதுக்குன்னு சொன்னாத்தான் சார் எதுன்னு சொல்ல முடியும். பாக்கறதுக்கா, நடக்கறதுக்கா, சுடறதுக்கா?"

"எல்லாத்துக்கும்தான்."

"எல்லாத்துக்கும் ஒண்ணு கிடையாது சார்."

குமரேசன் சிரித்தான். "மாமா, காசு புடுங்கற டீலர் மாதிரியே பேசுது."

ஷீபா அவனைப் பார்க்காமல் பேசினாள். பச்சையாகப் படம் காட்டுகிற ராணுவ வகையை விட்டுவிடலாம், நேர் வழியில் நமக்குக் கிடைக்காது. மிச்சம் இரண்டு. ஒன்று தெர்மல். சூட்டை மட்டும் பார்க்கும். பன்றி முந்நூறு மீட்டரில் நின்றாலும் விளக்கு மாதிரி தெரியும். ஆனால் ராத்திரியில் கல்லும் மண்ணும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், அப்போது மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். இன்னொன்று டிஜிட்டல். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அதுவே அடித்து அதுவே படம் பிடிக்கும். தூரம் கம்மி, ஆனால் முள், கல், குழி எல்லாம் பகல் மாதிரி தெரியும். அதிலும் பெரிசாக்கிக் காட்டுகிறதை வாங்கக் கூடாது. நடக்கிறவனுக்குப் பெரிசாக்கினால் கால் வைக்கிற இடம் தப்பும். உள்ளதை உள்ளபடி காட்டுகிறதாக, தலையில் மாட்டுகிற பட்டையோடு வாங்க வேண்டும்.

"அப்புறம் சார், தெர்மலைத் துப்பாக்கி மேல மாட்டாதீங்க. கையில வெச்சிப் பாக்கற மாதிரி வாங்குங்க. துப்பாக்கி மேல இருந்தா, எதைப் பாக்கணும்னாலும் துப்பாக்கிய அது பக்கம் நீட்டணும். முன்னால ஆளு நடக்குது."

"பாத்துதானே சுடுவேன். நான் இன்னா கொழந்தையா?"

"குந்திக்கினு கீற ஆளும் பன்னியும் தெர்மல்ல ஒரே வெள்ளைதான் சார்."

பன்னீர்செல்வம் டீயைக் குடித்து முடித்தார். "சரி, டீலரை எல்லா வகையையும் எடுத்துக்கினு வரச் சொல்றேன். கையில புடிச்சிப் பாக்காம நான் எதையும் வாங்க மாட்டேன்."

அந்த வாரமே சுகுமார் என்ற டீலர் சென்னையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான். அன்றைக்குப் பன்னீர்செல்வம் கருவியைத் தேர்ந்தெடுத்த லட்சணத்தை ஷீபா சாகும்வரை மறக்க மாட்டாள். முதலில் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "இது லைட்டா கீதே. கனம் இல்லாத சரக்கு நிக்காது" என்று கையில் வைத்துப் பார்க்கிற தெர்மலை ஒதுக்கினார். மேலே விரலால் தேய்த்து, நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சுகுமார் தெர்மலை முடுக்கி, சூட்டை எத்தனை நிறத்தில் காட்டும் என்று மாற்றி மாற்றிக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது.

"இது அரக்கு. அடுத்தது போடு. இது வெங்காயத்தோலு. இன்னொண்ணு? ஆங், மயில் கழுத்து. இதுல ஒம்பது கலர் கீதுடா குமரேசா. அந்த டிஜிட்டல் சனியன்ல வெறும் சாம்பல்."

"கலரு எதுக்கு சார்?" என்றாள் ஷீபா. "கறுப்பு வெள்ளைதான் கண்ணுக்குச் சுகம்."

"உனுக்கு ஃபிசிக்ஸ் தெரியும். கலரு எனுக்குத் தெரியும்."

ஒன்பது நிற தெர்மல், துப்பாக்கி மேல் மாட்டுகிறது. அதை முடிவு செய்துவிட்டார். இது ஒன்றே போதும் என்று சுகுமாரிடம் பெட்டியை மூடச் சொன்னார். பீட்டர் கேட் ஓரமாக, கடைசி வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்னும் கால் மணியில் அவருக்கு உலகம் அணைந்துவிடும். அப்போதுதான் ஷீபாவுக்கு அந்தப் புத்தி வந்தது.

"சார், வாங்கறதுக்கு முன்னால ஒரு டெஸ்ட். இதைக் கண்ணுல வெச்சிக்கினு யாராவது மோட்டார் ரூம் வரைக்கும் நடந்து காட்டட்டும். அப்புறம் ஒண்ணு போதும்னு நீங்க சொன்னா நான் போயிடறேன்."

"நான் போறேன்" என்று குமரேசன் எழுந்தான். "இன்னா பந்தயம்?"

"பந்தயம்லாம் ஒண்ணும் வேணாம் சார். நடங்க."

இருட்டும்வரை காத்திருந்து விளக்கையெல்லாம் அணைத்தார்கள். குமரேசன் தெர்மலைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு, "தோ நாய் தெரியுது, தோ ஆந்த தெரியுது, மாமா செமையா கீது" என்று சொல்லிக்கொண்டே போனான். சொட்டுநீர்க் குழாய் பதிக்க வெட்டிய முழங்கால் ஆழப் பள்ளம் மோட்டார் ரூமுக்குக் குறுக்கே கிடந்தது. பகல் முழுக்கப் பார்த்த பள்ளம்தான். மூன்றாவது நிமிஷத்தில் ஒரு சத்தமும் ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டன. பன்னீர்செல்வம் விழுந்து விழுந்து சிரித்தார். சுகுமார் கருவி உடைந்ததா என்று ஓடினான்.

"இப்ப இதைத் தலையில மாட்டிக்கினு வாங்க" என்று ஷீபா டிஜிட்டலைக் கொடுத்தாள். குமரேசன் நொண்டிக்கொண்டே பள்ளத்தைத் தாண்டி, கல்லைத் தாண்டி, மோட்டார் ரூம் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"ரெண்டும் வாங்கிடலாம்" என்றார் பன்னீர்செல்வம். "பொண்ணு சொன்னது கரெக்ட்டு. சுடறவனுக்கு ஒண்ணு, நடக்கறவனுக்கு ஒண்ணு."

நடக்கிறவனுக்கு ஒன்று. அவர் வாயாலேயே சொன்னார். ஷீபா அன்றைக்கு ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

சுகுமாரும் பன்னீர்செல்வமும் உள்ளே போய் விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் டிஜிட்டலைக் கேட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவின் தலையில் மாட்டினாள். பட்டையை அவர் தலை அளவுக்கு இழுத்துச் சரி செய்தாள். பீட்டர் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார், இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.

"வேலிக்காத்தான் பூத்துக்கீது" என்றார்.

"இன்னா நைனா?"

"பூத்துக்கீதும்மா. தோ, அந்தக் கெளையில." குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீ எளச்சிட்டியே. சாப்புடறியா இல்லியா?"

அவள் கருவியைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை வேட்டை. பேட்டரி ஏற்றவும் கருவிகளைச் சரி பார்க்கவும் ஷீபா வர வேண்டும் என்று பன்னீர்செல்வம் சொல்லியனுப்பியிருந்தார். வராந்தாவில் உட்கார்ந்து துப்பாக்கிமேல் இருந்த தெர்மலைச் சரி பார்த்தாள். டிஜிட்டலின் பட்டையை மறுபடி அப்பாவின் அளவுக்கு வைத்தாள். மணி எட்டானது. வேலியின் பின்வாசலில் எல்லோரும் நின்றார்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டுமென்று வீட்டு விளக்குகளை அணைத்திருந்தார்கள். நிலா இல்லை. ஆனால் வானம் முழுக்க நட்சத்திரம் இருந்தது, ஆள் முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது, கண் உள்ளவர்களுக்கு.

குமரேசன் டிஜிட்டலை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு பட்டையைத் தளர்த்தினான்.

"சார், அது நடக்கறவருக்கு" என்றாள் ஷீபா.

"நான் இன்னா பறந்தா போறேன்? நானும்தான் நடக்கறேன்." தலைக்கு மேலே பொத்தானைத் தட்டினான். "ரெக்கார்டிங் இதுதானே?"

"சார்." பன்னீர்செல்வத்தின் பக்கம் திரும்பினாள். "முன்னால போறவருக்குத்தான் சார் அது. அதுக்குத்தானே வாங்கினது."

"பள்ளத்துல வுழுந்தது அவன்தானே? நீதானே வுழ வெச்சிக் காட்டினே" என்றார் பன்னீர்செல்வம். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். "உங்கப்பனுக்கு எதுக்கு இதெல்லாம்? பொறந்ததுலேர்ந்து காட்டுல திரியறவன். உங்க ஆளுங்களுக்கு ஆண்டவன் கண்ணுலயே மெஷினு வெச்சி அனுப்பிட்டான். பீட்டரு, அந்த டார்ச்ச இப்டி குடு. தப்பித் தவறி அடிச்சித் தொலைக்காத."

பீட்டர் டார்ச்சைக் கொடுத்தார். நீட்டின இடத்தில் பன்னீர்செல்வத்தின் கை இல்லை. அவர்தான் ஓர் அடி வந்து வாங்கிக்கொண்டார், கவனிக்கவில்லை.

"எப்டி போறோம்?" என்றான் குமரேசன்.

"குவாரி மேட்டு மேல போயி, பெரிய பள்ளத்துக்கும் பக்கத்துப் பள்ளத்துக்கும் நடுவுல எறங்கினா காத்து நமக்குத் தோதா கீது" என்றார் பீட்டர். குரல் திடமாக இருந்தது. "நான் முன்னால போறேன். பத்தடி வுட்டு வாங்க."

"நைனா."

"நீ வூட்டுக்குப் போம்மா. நேரமாவுது."

"நைனா, வேணாம்."

"ஷீபா." அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். முகத்தை அவள் பக்கம் திருப்பியிருந்தார், ஆனால் அவள் நின்ற இடத்துக்குச் சற்று இடது பக்கமாகப் பார்த்துப் பேசினார். "நான் பாத்துக்கறேன். நீ போ."

கெஞ்சல் அது. பன்னீர்செல்வத்துக்கோ குமரேசனுக்கோ கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. ஒரு நிமிஷம் அவளுக்கு அந்த அறுபதடிப் பள்ளத்தின் தண்ணீர் தெரிந்தது. பசு கத்திய சத்தம் கேட்டது. அவர் எடுத்து வைக்கப் போகிற காலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு, குதிகாலில் கம்பி போட்டுத் தைத்தது.

"எங்க நைனாக்கு ராத்திரியில கண்ணு தெரியாது" என்றாள்.

குமரேசன், "இன்னாது?" என்றான்.

"மூணு வருசமா தெரியாது. டாக்டர் சொல்லிட்டாரு. இருட்டுல ஒண்ணுமே தெரியாது. அந்த மெஷினக் குடுங்க, இல்லாட்டி அவரை வுட்டுடுங்க."

"பொய் சொல்லுது மொதலாளி" என்றார் பீட்டர். சிரிக்கக்கூட முயன்றார். "ராத்திரி வேலைக்கு நான் வர்றது அதுக்குப் புடிக்கல. அதான் இப்டி."

பன்னீர்செல்வம் பீட்டருக்கு நேர் எதிரே வந்து நின்றார். அவர் இரண்டு கையும் துப்பாக்கியைப் பிடித்திருந்தன.

"பீட்டரு, இங்க பாரு. இது எத்தினி விரல்?"

பன்னீர்செல்வம் கையைத் தூக்கவே இல்லை. துப்பாக்கியை விடவே இல்லை. பீட்டர் முகத்தை நிமிர்த்தி, கண்ணை இடுக்கி, தெரிந்த ஒன்றைச் சொல்கிறவரைப்போல நிதானமாகச் சொன்னார்:

"மூணு மொதலாளி."

முதலில் சிரித்தது குமரேசன். அவன் தலையில் கருவி ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, மூணாம் மாமா" என்று அடக்க மாட்டாமல் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் பீட்டருக்குப் புரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்த முகம் அப்படியே நின்றது, இறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பன்னீர்செல்வம் சிரிக்கவில்லை. அதற்காக அவரை நல்லவர் என்று சொல்ல முடியாது. "மூணு வருசமா குருடனுக்கா சம்பளம் குடுத்துக்கினு இருந்தேன்?" என்றார். "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்லடா. காட்டுல எங்களையும் இட்டுக்கினு போயி உள்ள தள்ளியிருப்பியே." அப்புறம் ஷீபாவைப் பார்த்து, "உங்க காலனில வேற யாரு கீறாங்க, நல்லா கண்ணு தெரியறவனா?" என்று கேட்டார்.

இரண்டாவது கருவியைப் பற்றி அப்போதும் அவர் பேசவில்லை. ஷீபா அன்றைக்குக் கற்றுக்கொண்டது அதுதான். முன்னால் நடக்கிற ஆளுக்குக் கண் வாங்கிக் கொடுப்பது என்கிற யோசனையே அவர்களுடைய மண்டையில் நுழையாது. கண் போனால் வேறு ஆள். அவள் தெர்மலையும் டிஜிட்டலையும் தராசில் வைத்துத் தொண்டை வரளப் பேசியதெல்லாம் அவர்களைப் பொறுத்தவரை அவர்களுக்காகப் பேசினது.

"யாரும் இல்ல" என்றாள். அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். அவர் உதறினார். வேலியைப் பிடித்துக்கொண்டு, செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, ரோடு வரைக்கும் தானாகவே நடந்தார். அங்கிருந்து அவள் போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு நாலடி முன்னால் போனாள். அதை வேண்டாமென்று அவர் சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை.

வீடியோ மறுநாள் மத்தியானத்துக்குள் ஊருக்கு வந்துவிட்டது. பதினெட்டு வினாடி. சாம்பல் நிறத்தில் பீட்டரின் முகம், கண்கள் இரண்டும் வெள்ளைப் பொட்டாக மின்னின. அவை ஏன் அப்படி மின்னுகின்றன என்று ஷீபாவுக்குத் தெரியும். கருவி அடிக்கிற வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். கீழே சிரிப்புப் பொம்மை வரிசை வரிசையாக. டீக்கடையில் யாரோ, "பீட்டரு மாமா, டீ எத்தினி?" என்றானாம். அதிலிருந்து பீட்டர் டீக்கடைக்குப் போவதில்லை.

அம்மா சுகிர்தா நடந்தது முழுவதையும் கேட்டுவிட்டு, "இத்தினி நாளா எனுக்கு ஒரு வார்த்த சொல்லல ரெண்டு பேரும்" என்று அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு ஷீபாவைத் திட்டினாள். "தனியா கூப்ட்டு அந்தாளு காதுல சொல்லக் கூடாதா? நாலு பேரு எதிர்லயா ஒடைப்பாங்க?"

ஷீபா அதை யோசிக்காமலில்லை. தனியாகச் சொல்லியிருந்தாலும் வேலை போயிருக்கும், வேறு ஆள் வந்திருப்பான். ஆனால் "மூணு" வந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. முந்தின நாளே, முந்தின வாரமே தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் புத்திசாலித்தனமாகச் செய்து காட்டலாம் என்று நினைத்தாள்.

பீட்டர் ஒன்பது நாள் அவளிடம் பேசவில்லை. பகலில் செங்கல் ஏற்றப் போனார், பொழுது சாய்வதற்குள் வந்தார், சாப்பிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஷீபா உத்திரமேரூர் இ-சேவை மையத்துக்குப் போய், மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பத்தை வாங்கி நிரப்பினாள். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினாள். மாவட்ட முகாம் வெள்ளிக்கிழமை. விண்ணப்பத்தை அவர் சாப்பிடும் இடத்தில் வைத்தாள். பத்தாவது நாள் சாயங்காலம், கடைசி வெயிலில், அவர் அதைக் கையில் எடுத்தார்.

"இதுல இன்னான்னு எழுதிக்கீது?"

"பார்வைக் குறைபாடுன்னு."

"யாரு பாப்பாங்க?"

"கண் டாக்டர். இருட்டு ரூம்ல உக்கார வெச்சி மெஷின்ல பாப்பாங்க."

"கேப்பாங்களா?"

"இன்னா கேப்பாங்க நைனா?"

"எத்தினின்னு."

கேட்க மாட்டார்கள், மெஷினே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பொய் தாங்கும். தைரியமாகப் பேசுகிறவள் என்று பெயரெடுத்தவளுக்கு அந்தச் சின்னப் பொய் வரவில்லை.

"கேப்பாங்க."

பீட்டர் காகிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்தார். "நான் வரல."

"அட்டை இருந்தா மாசம் பணம் வரும் நைனா. பஸ்ல ஃப்ரீ. சும்மா கெடைக்கறத ஏன் வுடணும்?"

"அந்தக் குவாரில வுழுந்து செத்திருந்தா, பூனைக்கண்ணு பீட்டரு காட்டுல செத்தான்னு சொல்லியிருப்பானுங்க." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "அது உனுக்குப் புடிக்கல."

"புடிக்கல. எனுக்கு நீ வேணும். அந்தப் பேரு எனுக்கு வேணாம்."

"எனுக்கு வேணும்" என்றார் பீட்டர்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் எழுந்து, வாசல் நிலையைத் தொட்டு, சுவரைத் தொட்டு உள்ளே போனார். ஷீபா விண்ணப்பத்தைப் பிரித்தாள். எல்லா இடமும் அவள் கையெழுத்தில் நிரம்பியிருந்தது. கடைசிப் பக்கத்தில், அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் தெரியட்டும் என்று அவள் பென்சிலால் போட்ட சின்னப் பெருக்கல் குறி மட்டும் தனியாக இருந்தது.